பெயர் சொல்லாத வாசகர்கள்

நூலகத்துக்கு வராதவர்களை நூலகம் தேடிப் போக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். உறுப்பினர் குறைந்த கிளைகளை மூடப்போகிறார்களோ, அதற்கு முன்னால் எங்கள் தலையில் பழியைப் போட வழி தேடுகிறார்களோ என்று. தேவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இரண்டு அறையுள்ள கிளை நூலகம். காலையில் பேப்பர் பார்க்க வரும் ஏழெட்டுப் பெரியவர்கள், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் சில பெண்கள், அவ்வளவுதான் எங்கள் கூட்டம். சந்தேகப்படுவது எனக்கு வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். திரும்பி வரும் புத்தகத்தில் நடுப்பக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன்.

யாரைத் தேடிப் போவது என்பதில் குழப்பமில்லை. தினமும் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஊர் பெட்ரோல் பங்க் ஓரமாக ஜீப்புகள் வந்து நிற்கும். போடிமெட்டு வழியாக மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே கூடுவார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. நூலகம் திறக்கும்போது அவர்கள் மலையில் இருப்பார்கள். திரும்பி இறங்கும்போது பூட்டியிருப்போம். நூலகம் இந்த ஊரில் இத்தனை வருடமாக இருந்தும் அவர்களில் ஒருவர்கூட எங்கள் வாசலை மிதித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை கட்டைப் பையில் இருபது புத்தகங்களும் உறுப்பினர் படிவங்களும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். சிரித்தபடி வணக்கம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "என்ன சர்வே?" என்று ஒருத்தி கேட்டாள். நூலகம் என்றேன். படிவத்தில் பெயர், முகவரி, ஆதார் எண், கைபேசி எண் எழுத வேண்டும் என்றதும் கூட்டம் அப்படியே ஒரு அடி பின்னால் போனது. எனக்கு அது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு அடி.

பக்கத்தில் நின்ற ஜீப்பிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். பையில் புத்தகம் இருந்ததால் என்னை டீச்சர் ஆக்கிவிட்டார்.

"டீச்சர், இது வண்டி நிக்கிற எடம். இங்கன பேரு எழுதுற வேலையெல்லாம் வேண்டாம். இவுக மலைக்குப் போறத யாரும் எழுதி வைக்கிறது இவுகளுக்குப் பிடிக்காது."

"ஏன்?"

"ஏன்னா ஏன்தான்."

அடுத்த இரண்டு வாரத்தில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பி என் காதுக்கே வந்தது. கேரளாவில் வேலை பார்ப்பவர்களைக் கணக்கெடுத்து நூறு நாள் வேலைப் பட்டியலிலிருந்து பெயரை அடிக்கத்தான் நான் வந்திருக்கிறேனாம். புத்தகம் சும்மா ஒரு சாக்காம். இதைக் கிளப்பிவிட்டது அந்த டிரைவர்தான் என்று முடிவு கட்டினேன். எந்தச் சாட்சியும் கிடையாது. அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு அப்படித் தோன்றியது.

ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. திங்களும் வியாழனும் போய் நிற்பேன். அவர்கள் என்னைப் பார்க்காதது போல் நிற்பார்கள். ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள், மஞ்சள் மப்ளர் சுற்றிய ஒரு அக்கா நேரே என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையை நீட்டி, "அந்த ஃபாரத்தக் குடுங்க" என்றார். மகிழ்ச்சியாகக் கொடுத்தேன். அவர் வாங்கி, அதை என்னிடமே திருப்பித் தந்தார்.

"வாசிங்க டீச்சர். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும். ஒரு எழுத்து விடாம."

வாசித்தேன். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்று தொடங்கிக் கீழே வரை வந்தேன். கடைசி வரி: மேற்கண்ட விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன்.

"எந்த விதி?" என்றார் அக்கா.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. விதிகள் நூலகச் சுவரில் ஒரு பலகையில் இருந்தன, இந்தத் தாளில் இல்லை. எத்தனை வருடமாக எத்தனை பேரிடம் இந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லியிருப்பேன். ஒருநாளும் நான் அந்த வரியைப் படித்ததில்லை.

"விதி நூலகத்துல இருக்குக்கா" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"அப்பப் படிக்காமலே படிச்சேன்னு கையெழுத்துக் கேக்குறீக" என்றார் அவர். கோபமே இல்லை. "மேல தோட்டத்துலயும் இப்பிடித்தான். மூணு மாசத்துக்கு ஒருக்க ஒரு தாளு வரும். அம்புட்டும் மலையாளம். பேச நல்லாத் தெரியும், எழுத்துத் தெரியாது. சூப்ரவைசர் நிப்பாரு, போடுன்னுவாரு, போட்டுருவோம். பதினோரு வருசமாப் போடுறேன். எதுக்குப் போட்டேன்னு ஒருநாளும் தெரியாது. இதுக்கு மேல ஒரு தாள்லயும் போட மாட்டேன் டீச்சர். கோவிச்சுக்காதீக."

சொல்லிவிட்டுப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஏறியவர் எட்டிப் பார்த்து, "மலையாள எழுத்துப் பழகுற புத்தகம் இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டார். ஜீப் நகர்ந்துவிட்டது.

எங்களிடம் இல்லை. மாவட்டத்துக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நூலகத்துக்கு வார விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் குமுளி போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில், தமிழ் வழியாக மலையாள எழுத்து பழகும் மெல்லிய புத்தகம் ஒன்று கிடைத்தது. என் கைக்காசில் வாங்கினேன். திங்கட்கிழமை படிவங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டோடு போனேன்.

"பேரு வேண்டாம். ஆதார் வேண்டாம். யாரு எந்தப் புத்தகம் எடுத்தாங்கன்னு எனக்கு மட்டும் தெரியணும், அவ்வளவுதான்" என்றேன்.

"எப்பிடி எழுதுவீக?" என்று கேட்டார் மஞ்சள் மப்ளர் அக்கா. எழுதிக் காட்டினேன்: மஞ்சள் மப்ளர் – மலையாள எழுத்து, சொந்தப் புத்தகம். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களுக்கும் நோட்டில் அதே மாதிரிப் பெயர்தான். ஈயத் தூக்குவாளி. முன் சீட்டு. பச்சைச் சட்டை. மூக்குத்தி இல்லாதவர். சமையல் புத்தகம், சிறுவர் கதை, சர்க்கரை நோய் பற்றிய சிறு நூல் என்று எடுத்தார்கள். மலைப்பாதை வளைவுகளில் ஜீப்பில் படிக்க முடியாது, குமட்டும். மதியச் சோற்றுக்குப் பிறகு படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். இதை அவர்கள் சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை. புத்தகத்தை வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் எங்காவது போட்டுவிடுகிறார்கள் என்று மனத்தின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. வாரா வாரம் நோட்டோடு அலமாரியை ஒத்துப்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நான்கு மாதம் கழித்து மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். புத்தகம் வழங்கிய எண்ணிக்கை திடீரென்று கூடியிருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நோட்டைக் கேட்டார். கொடுத்தேன்.

"யாரும்மா இந்த ஈயத் தூக்குவாளி?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். "மலையாள எழுத்து, சொந்தப் புத்தகம்னு போட்டிருக்கு. சொந்தப் புத்தகத்தை எதுக்கு நூலகக் கணக்குல காட்டுறீங்க?" என்றார். எண்ணிக்கை காட்டுவதற்காக இல்லாத ஆட்களுக்குப் புத்தகம் கொடுத்ததாக எழுதுவது எங்கள் வேலையில் நடக்காத விஷயமில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

"நாளைக்குக் காலையில நானே வந்து பாக்கிறேன்" என்றார்.

தேனியில் தங்கிவிட்டு, சொன்னபடி ஐந்தரைக்கு வந்து நின்றார். தேய்த்த சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கையில் ஃபைல். என் பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்ததுமே பெண்கள் மறுபடியும் ஒரு அடி பின்னால் போனார்கள். இதை நான் முந்தின நாளே யோசித்திருக்க வேண்டும்.

"இந்த அம்மாகிட்ட நீங்க புத்தகம் வாங்குறீங்களா?" என்று பச்சைச் சட்டையைக் கேட்டார்.

"எனக்கு எழுத்தே தெரியாது சார்."

"நீங்க?"

"யாரு இவுக? தெரியாதே" என்றார் முன் சீட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே.

கடைசியாக மஞ்சள் மப்ளரைக் கேட்டார். அவர் மப்ளரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ரெண்டு தடவ இங்கன நின்னு பாத்திருக்கேன். எதுக்கு நின்னாகன்னு தெரியல" என்றார். ஜீப் கிளம்பியது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"விளக்கம் எழுதித் தயாரா வையுங்க. அடுத்த வாரம் இருப்புச் சரிபார்க்க வருவேன்" என்று சொல்லிவிட்டு அதிகாரி பஸ் ஏறினார்.

இத்தனை மாதம் குளிரில் நின்றதை நினைத்து அன்று வீட்டில் அழுதேன். அழுகை நின்றதும் வந்த எண்ணம் ஒன்றுதான்: பத்தொன்பது புத்தகங்கள் அவர்களிடம் இருக்கின்றன. யாரிடம் போய்க் கேட்பேன்? பெயர்கூடத் தெரியாது. எல்லாம் திட்டம் போட்டுத்தான் செய்தார்களோ என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலை இல்லை. காலை பத்து மணிக்கு நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் தயங்கி நின்றார். மப்ளர் இல்லாததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தோளில் ஒரு உரச்சாக்கு. உள்ளே வந்து மேசையில் சாய்த்தார். பத்தொன்பது புத்தகங்கள். எண்ணிப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. அவர் எதிரில் எண்ணக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

"எண்ணிக்கங்க டீச்சர்" என்றார் அவரே.

எண்ணினேன். சரியாக இருந்தது.

"கையில ஃபைலு வச்சிருந்தாருல்ல அவரு. அதான் அப்பிடிச் சொல்லிட்டோம். வீட்டுக்குப் போயி சோறு எறங்கல. உங்களுக்கு எதுவும் ஆயிரக் கூடாதுன்னு எல்லார் வீட்டுலயும் போய் வாங்கியாந்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே இன்னொன்றும் சொன்னார்.

"போன வாரம் தாளு வந்துச்சு. வாசிச்சுட்டேன். மெதுவாத்தான், சூப்ரவைசர் கத்துறாரு, நான் நின்னு வாசிச்சேன். ரெயின்கோட்டும் பூட்ஸும் வாங்கிக்கிட்டேன்னு போட்டிருக்கு டீச்சர். பதினோரு வருசமா அட்டைப்பூச்சி கடிக்க வெறுங்காலோட நிக்கிறேன். பூட்ஸு வாங்கினேன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"இப்பப் போட்டீகளா?" என்றேன். அவர் பேச்சு எனக்கும் தொற்றியிருந்தது.

"போடல. எங்க ஜீப்புல ஒருத்தியும் போடல."

அடுத்த வாரம் அதிகாரி வந்து அலமாரியைச் சரிபார்த்தார். ஒரு புத்தகமும் குறையவில்லை. நான் ஜீப்புக்குக் கொண்டுபோன புத்தகங்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பக்கங்களின் கீழ் மூலையில் கரும்பழுப்பாகக் கட்டைவிரல் தடம் இருந்தது. ஏலக்காய் பறிக்கிற கையில் ஏறும் கறை, சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. ஒரு கதைப் புத்தகத்தில் எழுபத்திரண்டாம் பக்கம் வரை தடம் இருந்தது, அதற்குமேல் தாள் வெள்ளையாக இருந்தது.

"இதுவரைக்கும்தான் படிச்சிருக்காங்க" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க வச்ச கறை இல்லையே?"

என் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் பார்த்தார். போவதற்கு முன் நோட்டில், மறு உத்தரவு வரும்வரை இம்முறையே தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். புத்தகங்கள் கறைபடாமல் பார்த்துக்கொள்ளவும் என்று கீழே ஒரு வரி சேர்த்தார்.

கையெழுத்துப் போடாததால் தோட்டத்தில் ஐந்து நாள் அந்த ஜீப்புக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காய் பழுத்து உதிரத் தொடங்கியதும் ஆறாம் நாள் கூப்பிட்டார்கள். ரெயின்கோட் கொடுத்தார்கள், ஒரு மழைக்குக் கிழிகிற தினுசு. பூட்ஸ் இன்னும் வரவில்லை. அந்தத் தாளை இவராவது வாசித்துச் சொல்லியிருக்கலாமே என்ற சந்தேகத்தில் டிரைவரிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன், "உங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமா?" என்று. "பேசத்தான் தெரியும் டீச்சர்" என்றார். அவர் ஜீப்பின் கண்ணாடியில் மலையாளத்தில் அச்சிட்ட ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தலைகீழாக ஒட்டவில்லை. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

இப்போது பக்கத்துத் தெருவில் நிற்கும் ஜீப்புக்கும் போகிறேன். அங்கே முதல் நாள் ஒரு பெண் என்னை வெகுநேரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சும்மா எதுக்குத் தர்றீக? உங்களுக்கு இதுல என்ன?"

அறிவு வளரும், உலகம் தெரியும் என்றெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இது என் வேலை. இதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு என் பைக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்து, தூக்குவாளியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.