எழுபத்து மூன்று கிலோ முதலாளி

அவளுடைய சொந்தப் பெயர் விமான நிலையத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிலோ அக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம் பெட்டி ஏற்றி இறக்கியவள். கைப்பிடியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து, "பத்தொம்பதரை" என்பாள். தராசில் வைத்தால் பத்தொன்பதரைதான் இருக்கும். சந்தேகப்பட்டுப் பந்தயம் கட்டியவர்கள் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தே ஓய்ந்துபோனார்கள்.

அவள் நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டாள். விட்டாள் என்பதைவிட, அடையாள அட்டையைக் கழற்றி மேலாளர் மேஜையில் வைத்தாள் என்பதே சரி. சூப்பர்வைசர் பதவிக்கு மூன்றாம் முறையாக, அவளிடமே வேலை கற்றுக்கொண்ட ஒருவனைப் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மூட்டை தூக்குறது வேற, விமானம் பத்தித் தெரியுறது வேறம்மா" என்றார் மேலாளர். வயிறு எரியுமா எரியாதா?

எரிச்சலோடு எரிச்சலாகத் தானே ஒரு கம்பெனி தொடங்கினாள். ஒன்பது பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, கேட்பவர்களைக் கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது. அது பறக்காத நேரத்தில் மற்றவர்களின் சிறு விமானங்களுக்குப் படி வைத்து, பெட்டி ஏற்றி, துடைத்துக் கொடுப்பது. விமானம் ஓட்ட, ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர் கூட்டுச் சேர்ந்தார். டிக்கெட் கவுண்டரில் உட்கார அவளுடைய தம்பி. மேலாளர் அறைக்கு அடுத்த அறை காலியாக இருந்தது. வேண்டுமென்றேதான் அதைப் பிடித்தாள். உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஆள் ஏறி நிற்கிற மாதிரி பெரிய தராசு. அவ்வளவுதான் கம்பெனி.

தராசு இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. பெரிய விமானத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று சராசரி போட்டுச் சமாளிக்கலாம். சின்ன விமானத்தில் ஒவ்வொருவரையும் கைப்பையோடு நிறுத்தி எடை பார்த்துத்தான் யார் முன்னால், யார் பின்னால் என்று உட்கார வைக்க வேண்டும். அதை எழுதுகிற தாளுக்கு லோடு ஷீட் என்று பெயர். அந்தத் தாளைப் பொறுத்தவரை அவள் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். அதில்தான் முதலில் மூக்கறுபட்டாள்.

கம்பெனிக்கு அனுமதி கிடைக்க, அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஒருமுறை நிஜப் பயணம் போலவே பறந்து காட்ட வேண்டும். நாற்பது நாளுக்குள் அனுமதி வராவிட்டால் விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று குத்தகைக்காரர்கள் எழுதியே வாங்கியிருந்தார்கள். இருபத்தெட்டாம் நாள் ஓர் ஒல்லி அதிகாரி வந்தார். பயணிகளாகச் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்திருந்தாள். அத்தனை பேரையும் நிறுத்தி எழுதினாள். கேப்டனைக்கூட விடவில்லை. அதிகாரி தாளில் கடைசி வரியில் விரலை வைத்தார். அது அவளுடைய வரி. ஐம்பத்தெட்டு என்று இருந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த அன்று அட்டையில் எழுதிய எடை. எங்கே கேட்டாலும் அதையே சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். "நீங்க ஏறலையா?" என்று கேட்டார் அதிகாரி. ஏறினாள். எழுபத்து மூன்று. ஊரார் பெட்டியையெல்லாம் அரைக்கிலோ பிசகாமல் சொன்னவள் தன் உடம்பில் பதினைந்து கிலோவைக் கோட்டை விட்டிருந்தாள். அதிகாரி கோப்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த அறையில் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அதற்காக முக்காடு போட்டுக்கொண்டு உட்காருகிற பிறவியா அவள்? அதிகாரி போன மறுநாளே ஒரு கரும்பலகை வாங்கி, போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கவுண்டருக்கு மேலே மாட்டி, சாக்பீசால் எழுதினாள்: முதலாளி எடை 73 கிலோ. தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

முப்பத்தொன்பதாம் நாள் மறுபரிசோதனை. ஒல்லி அதிகாரியோடு அவருடைய மேலதிகாரியும் வந்தார். ஆள் வாட்டசாட்டம். கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. எல்லோரும் தராசில் ஏறி இறங்கினார்கள். அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. நூறு என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். வாசலில் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

தம்பி காதருகே குனிந்தான். "எழுதிடுக்கா. நாளைக்கு விமானம் போயிடும். கையெழுத்து வேணுமில்ல?"

வேண்டும்தான். பேனா நூறின் ஒன்றைப் போடக் காகிதம் வரைக்கும் போய்விட்டது. பேனாவை மூடி வைத்தாள்.

"போன தடவை ஒரு ஆளு மனசுல இருந்த எடையைச் சொன்னாங்க சார். அந்த ஆளு நான்தான். இந்தத் தடவை எல்லாரும் தராசுல ஏறாம விமானம் நகராது."

சொல்லிவிட்டுத் தானே மறுபடி ஏறி, எழுபத்து மூன்று என்று அடுத்த அறைக்கும் கேட்கிற குரலில் படித்தாள். பெரிய அதிகாரி அவளையே பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு எழுந்து காலணியைக் கழற்றப் போனார். "செருப்பும் உங்ககூடத்தானே சார் பறக்கப்போகுது" என்றாள். காலணியோடு ஏறினார். நூற்று இருபத்தொன்று.

கூட்டிப் பார்த்தால், அன்றைக்கு விமானம் தூக்கக்கூடியதைவிடப் பத்தொன்பது கிலோ அதிகம். உச்சி வெயில், ஓடுபாதையில் பாதி பழுதுபார்ப்பில் இருந்தது, அளந்து ஊற்றிய எரிபொருளில் கைவைக்க முடியாது. தம்பி தானே இறங்குவதாகச் சொன்னான். ஆனால் அன்றைய தாளில் அவன் பயணி. எடை கூடினால் முதலில் இறங்க வேண்டியது கம்பெனி ஆள் என்று கம்பெனி விதிப் புத்தகத்தில் அவளே தன் கையால் எழுதி வைத்திருந்தாள். முதல் பயணத்தில் ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று புதுப் புடவை கட்டி வந்திருந்தாள், பாவம். தன் வரியைத் தானே அடித்தாள்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விமானம் நின்ற தளத்துக்கு நடந்தாள். சக்கரம் உருளாமல் அடை கொடுத்திருந்த கட்டைகளை அவளே உருவினாள். ஆரஞ்சு மட்டைகளை இரண்டு கையிலும் தூக்கி, விமானத்துக்கு வழி காட்டினாள். இருபத்திரண்டு வருடம் செய்த அதே வேலை. பின்னாலேயே வந்து நின்ற மேலாளருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னம்மா, பழையபடி கட்டை உருவத்தான் வந்தியா?"

"வேலை பழசுதான் சார். விமானம் என்னுது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரம் தரையை விட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையிலும் மட்டை இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு மணி நேரத்தில் விமானம் திரும்பியது. பெரிய அதிகாரி லோடு ஷீட்டை வாங்கி, அவள் அடித்திருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. இனி இந்தக் கண்றாவி எதற்கு என்று துணியை எடுத்துக்கொண்டு பலகையைத் துடைக்கப் போனான். அவள் துணியைப் பிடுங்கி வீசிவிட்டு, படிக்கட்டுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, சாக்பீஸ் எழுத்தின் மேலேயே தடிமனாக எழுத ஆரம்பித்தாள்.

"ஏன்க்கா, எடை ஏறிச்சுன்னா?"

"பெயின்ட் நிறைய இருக்குடா."