தோள் மாற்றத் தெரியாதவன்

இராயபுரத்துத் துறைமுகப் பட்டறையில் என் பக்கத்தில் வேலை செய்த பாய் இறந்தபோதுதான் முதல் தடவையாக ஒரு முஸ்லிம் வீட்டுச் சாவுக்குப் போனேன். யாரிடமும் எதையும் கேட்க எனக்குக் கூச்சம். எங்கள் தெருவில் பாடைக்குத் தோள் கொடுத்தவன் சுடுகாடு வரை விடக்கூடாது என்பார்கள். அதனால் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது, நானே முந்திப் போய் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தேன்.

மற்ற மூன்று முனைகளிலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. பாவம், தெம்பில்லாதவர்கள் என்று நினைத்தேன். வழியெல்லாம் யார் யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஆறுதல் சொல்கிறார்கள் என்று எண்ணித் தலையாட்டிவிட்டு, இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

எண்ணூரிலிருந்து தாமதமாக ஓடிவந்த ஒரு பெரியவர் மட்டும் என் பக்கத்திலேயே மூச்சிரைக்க நடந்தார்.

"குடு நைனா."

"பரவால்ல பாய், தோளு நோவல."

"நோவுதான்னு எவன் கேட்டான்? ஆளுக்குப் பத்து அடி தூக்கிட்டு மாத்திக்கணும், அதான் எங்க வயக்கம். அல்லாருக்கும் சேர வேண்டிய புண்ணியத்த நீ ஒருத்தனே அள்ளிகினு போறியே! அவன் என் கூடப்பொறந்த தம்பிப்பா. தோ பாரு, கபர்ஸ்தானே வந்துடுச்சி!"

சட்டென்று குனிந்து விலகினேன். அண்ணன் தோள் கொடுத்தார். பத்து அடி முடிந்ததும் பின்னால் வந்தவர் கை நீட்டினார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கபர்ஸ்தானுக்குள் அவரேதான் தூக்கிக்கொண்டு போனார். அவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.