வியாழக்கிழமைக் குழாய்

பேருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அவளுக்கு விரல் அரிக்கும். இரண்டு நிறுத்தம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பாள். மூன்றாவது நிறுத்தத்தில் எழுந்துபோய், "ஒரு நிமிஷம் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குவாள். கைப்பையிலிருந்து விரல் நீள ஸ்குரூடிரைவரை எடுத்து ஆணியைத் திருகுவாள். காதில் மாட்டும் கம்பியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி லேசாக வளைப்பாள். பிறகு அவர் மூக்கிலேயே திருப்பி மாட்டிவிட்டு, "இப்பப் பாருங்க, உலகம் நேரா நிக்குதா?" என்பாள். நன்றி சொன்னவர்கள் உண்டு. பைத்தியமோ என்று பார்த்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் அவள் முகத்தில் ஒரே சிரிப்புத்தான்.

கண்ணாடிக் கடையில் இருபத்துமூன்று வருஷ வேலை. வாசலில் சட்டங்களை அடுக்கி விற்பது முதலாளி. உள்ளே, ஜன்னலோர மேசையில், வந்தவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தக்கபடி கண்ணாடியைப் பொருத்தித் தருவது இவள். ஊரில் யாருடைய பேரும் இவளுக்குத் தெரியாது, காது தெரியும். "அந்த இடது காது ஏறின வாத்தியார்", "மூக்குத்தண்டே இல்லாத பாங்குக்காரர்" என்றுதான் கணக்கு. ஊரும் இவள் பேரைக் கேட்டதில்லை. கண்ணாடிக்காரம்மா. அவ்வளவுதான்.

ஊர்க் கண்ணாடியை எல்லாம் நேராக்கிய அந்தக் கை ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் நாலு வருஷமாகத் தொடவில்லை. அது ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை பத்து மணிக்கு அவள் வீட்டுச் சமையலறைக்குள் வரும். இருக்கிற கண்ணாடிகளிலேயே கோணல் அதுதான். ஒரு கம்பி வளைந்து ஆட்டம் கண்டு, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை நாடாவால் கட்டுப்போட்டிருக்கும். அதை மாட்டியிருக்கிறவர் அவளுடைய மாஜி புருஷன்.

அவரை ஊரே 'சொட்டு' என்று கூப்பிடுகிறது. தலையில் முடி நிறைய இருக்கிறது; பேருக்குக் காரணம் வேறு. குழாய் வேலைக்காரர். தோளில் கான்வாஸ் பை, பைக்குள் ஸ்பேனர், ஒரு பழைய பவுடர் டப்பா நிறைய ரப்பர் வாஷர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவர் காதுக்கு எட்டிவிடும். பேருந்து நிலையக் குழாய், பள்ளிக்கூடக் குழாய், ஆஸ்பத்திரி வெளித்தாழ்வாரக் குழாய் எல்லாவற்றுக்கும் தானே போய் வாஷர் மாற்றுவார். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரவில்லை. கூலி தருகிறேன் என்று கூப்பிட்ட வீட்டுக்காரர்கள், காலையில் சொல்லிவிட்டுச் சாயங்காலம் வரை தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏன்யா இப்படி?" என்று கேட்டால் அவருக்கு ஒரு பதில் உண்டு. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொல்வார். "ஒழுகற சத்தத்தைக் கேட்டுட்டு சும்மா படுக்கறவன், நாளைக்கு யாரு அழுதாலும் சும்மாதான் படுத்திருப்பான். காது அப்படியே பழகிடும்."

நல்ல பேச்சுத்தான். யார் இல்லை என்றது? அவளும் அந்தப் பேச்சில் மயங்கித்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். பதினேழு வருஷம் அந்தப் பேச்சோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தவளுக்குத்தான் அதன் மறுபக்கம் தெரியும்.

அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தகவல் வந்த நாள். இருவரும் ரயில் ஏறப் போனார்கள். பெட்டியை வைத்து, இடம் பிடித்து, ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துவிட்டு, "தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்" என்று பாட்டிலோடு இறங்கினார். நடைமேடைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வேறென்ன சொல்ல? ரயில் ஊதியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். ரயில் நகர்ந்தது. குனிந்திருந்த அவர் முதுகுதான் கடைசிவரை தெரிந்தது. அம்மா அடுத்த நாள் விடிவதற்குள் போய்விட்டாள். அழுகிறவளைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் தோள் இல்லை. மறு ரயில் பிடித்து அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"யாரு அழுதாலும்னு சொன்னீங்களே, நான் அழுதப்ப நீங்க எந்தக் குழாய்கிட்ட இருந்தீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆறு மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் போயிற்று.

கோர்ட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். "இந்த அம்மா சொல்றதுல ஏதாவது மறுக்கணுமா?" என்று நீதிபதி கேட்டார். "ஒண்ணுமில்லீங்கய்யா, அவ சொல்றது அத்தனையும் நிஜம். ஒரு பத்து நிமிஷம் பெர்மிஷன் குடுத்தீங்கன்னா, வராண்டாவுல ஒரு குழாய் ஒழுகுது" என்றார் இவர். கோர்ட்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு அறுந்தது அறுந்ததுதான். அதுவரை 'நீ' என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து 'நீங்க' என்றார். "இனிமே எனக்கு அந்த உரிமை இல்லையே" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. அவளுக்கு அந்தத் தீர்ப்புத் தாள்கூட அவ்வளவு வலிக்கவில்லை.

இரண்டரை வருஷம் ஆளைக் காணோம். பிறகு ஒருநாள் அவள் வாடகை வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித்தான் அந்தக் காதுக்கு எட்டியதோ! கடைக்கு விடுமுறையான வியாழக்கிழமை காலையில் பையோடு வந்து வாசலில் நின்றார்.

"உங்க வீட்ல குழாய் ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன்."

"உள்ள வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. வாஷர் மாற்றினார், போனார். ஞாயிறு வரை நன்றாக இருந்தது. திங்கட்கிழமை மறுபடி சொட்டியது. அடுத்த வியாழன் மறுபடி வந்தார். "பழைய கட்டடம். தண்ணி வேகம் ஜாஸ்தி, வாஷர் தாங்க மாட்டேங்குது" என்றார். அப்படி ஆரம்பித்தது, ஒன்றரை வருஷமாக ஒரு வியாழனும் தப்பியதில்லை. குழாயடியில் ஒரு நீல வாளி. வாளி நிறைந்தால் மாடிச் செடிக்கு ஊற்றுவாள். ஒரு சொட்டு வீணாய்ப் போனது என்று அவர் வந்து முகம் சுருக்கக் கூடாதே!

அரை மணி நேர வேலை. அதற்காக அவள் புதன்கிழமை ராத்திரியே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வதை அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். "டீ போடட்டுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "வேலைக்கு வந்த வீட்ல டீ குடிக்கறதில்லை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அது அவருடைய இன்னொரு கொள்கை. அவர் குனிந்து திருகும்போது கோணல் கண்ணாடி மூக்கின் நுனிவரை இறங்கிவிடும். அவள் தன் விரல்களை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த தெருவில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு இது அறவே பிடிக்காது. "ஏண்டி, கோர்ட்டுக்குப் போய் விடுதலை வாங்கிட்டு, அந்த ஆளையே வாரா வாரம் கதவைத் தொறந்து உள்ள விடறியே, உனக்கே நல்லாருக்கா? ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லிதானேடி அந்த ஆளு? ஊர்க்குழாய் அத்தனையும் நிக்குது, உன் வீட்டுக் குழாய் மட்டும் நிக்கலைன்னா, அவருக்கு வேலை தெரியலைன்னுதானே அர்த்தம்?"

"வேலையைப் பத்தி மட்டும் பேசாத அக்கா" என்று இவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தக் கைக்கு நிக்காத குழாயே கிடையாது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, வீட்டு ஓனர் மாடிப்படிச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார். ஒழுகுகிற குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புது மாதிரிக் குழாய் போடப்போகிறாராம். அதில் வாஷரே கிடையாதாம். பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாதாம். ஒழுகாத வீட்டுக்கு மாற்றப்போவதில்லை. இந்த வாரத்துக்குள் நேரில் வந்து பார்த்துக் குறித்துக்கொள்வார். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். அவள் மட்டும் அந்தக் காகிதத்தை மூன்று தரம் படித்தாள். பத்து வருஷம் என்றால் ஐந்நூறு வியாழக்கிழமை.

மறுநாள் சாயங்காலம் கடை விட்டு வரும்போது ஒரு புது வாஷர் வாங்கி வந்தாள். ஓனர் வந்து பார்க்கிறபோது குழாய் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பிறகு நடப்பது நடக்கட்டும் என்று எண்ணம். குழாய்க்காரரோடு பதினேழு வருஷம் வாழ்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? அடிவால்வை மூடினாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஸ்பேனரால் குழாயின் தலையைக் கழற்றினாள். உள்ளே இருந்த வாஷரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வாஷர் புத்தம் புதுசு. கொஞ்சம்கூடத் தேயவில்லை. ஆனால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, எறும்பு வாய் திறந்த அளவுக்கு.

கண்ணாடி ஆணியின் மரை தானாகத் தேய்ந்ததா, யாராவது நோண்டியதா என்று பார்த்தவுடன் சொல்லும் கண் அவளுடையது. தேய்ந்தது மழுங்கியிருக்கும், வெட்டினது பளபளக்கும். இது பிளேடால், நிதானமாக, அளவு பார்த்து வெட்டின வெட்டு. மூன்று நாள் தாங்கி நாலாம் நாள் சொட்டுகிற அளவு.

நடைமேடையில் ஒரு சொட்டுக்காக ரயிலை விட்ட மனிதர். கோர்ட்டில் ஒரு சொட்டுக்காக நீதிபதியிடம் அனுமதி கேட்ட மனிதர். அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள். வெட்டுப்பட்ட வாஷரை இருந்த இடத்திலேயே வைத்துத் தலையை இறுக்கினாள். புதிதாக வாங்கியது கண்ணாடிக் கூட்டுக்குள் போயிற்று.

வியாழக்கிழமை பத்து மணி. அவர் வந்தார். பையைக் கீழே வைத்தார். குழாயைத் தொட்டவர் கையை அப்படியே நிறுத்தினார். பித்தளைத் தலையில் புதுக் கீறல்.

"இதை யாராவது திறந்தாங்களா?"

"யாரு திறப்பா? உங்களைத் தவிர இந்த வீட்டுக்கு வேற யாரு வரா?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருட்டு மாங்காயோடு பிடிபட்ட பையன்போல அவர் காதெல்லாம் சிவந்தது.

"நீ..." என்று ஆரம்பித்து, "நீங்க..." என்று மாற்றி, இரண்டையும் முடிக்காமல் விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு தட்டப்பட்டது. ஓனர். கையில் வீட்டு எண் வாரியாகப் பட்டியல், காதில் பேனா.

"என்னம்மா, உங்க சமையலறைக் குழாய் எப்படி? ஒழுகுதா?"

"இல்லையே" என்றாள், வாசலை அடைத்துக்கொண்டு.

ஓனர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டாமல் நின்றிருந்த ஆளைக் கண்டதும் சிரித்துவிட்டார். "அட, நம்ம சொட்டு சார்! இவரு உள்ள நிக்கறாருன்னா ஒழுகுதுன்னுதானேம்மா அர்த்தம்? என்கிட்டயே மறைக்கறீங்களா?"

"ஒழுகினாத்தான் வரணுமா?"

"பின்ன வேற எதுக்கு வருவாரு?"

கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி சமையலறை நடுவில் ஒரு மூன்றாம் மனிதர்போல வந்து நின்றுகொண்டது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பொய் சொல்லத் தெரியாத வாய் அது. கோர்ட்டிலேயே சொல்லாத வாய்.

"நீங்களே சொல்லுங்க சார், நீங்க சொன்னா அப்பீலே இல்லை. எதுக்கு வந்தீங்க?" என்றார் ஓனர்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"டீ குடிக்க வந்தேன்."

அவள் திரும்பினாள். ஓனர் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. சொட்டுச் சத்தம் கேட்கவே இல்லை. "சரி, பதினாலாம் நம்பர், நல்லாருக்கு" என்று பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் இன்னும் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். வலது கையைப் பின்னால் வளைத்து, குழாய்க்கு அடியில் உள்ளங்கையைக் குழித்துப் பிடித்திருந்தார். விழுகிற ஒவ்வொரு சொட்டும் சத்தமில்லாமல் அந்தக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நிறைந்தது வழிந்து, மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. கையை எடுத்தால் சிந்திவிடும் என்று அசையாமல் நின்றார். கண்ணாடி வழக்கம்போல மூக்கின் நுனிக்கு வந்து, இப்பவோ அப்பவோ என்று தொங்கியது.

அவள் கிட்டே போய், முந்தானையில் சுருட்டியிருந்த விரல்களை விடுவித்து, அந்தக் கண்ணாடியை அவர் முகத்திலிருந்து மெல்லக் கழற்றினாள். வெள்ளை நாடாவை நகத்தால் கிள்ளிப் பிரித்தெறிந்தாள். காதுக் கம்பியைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, சூடு ஏறும்வரை தேய்க்க ஆரம்பித்தாள்.