மணிக்கு ஒருநாள் விடுமுறை

காலை ஏழு பத்து. டாலிகஞ்சில் நான் சனிக்கிழமை நிரலாக்க வகுப்பு எடுக்கும் பள்ளியின் வாசலில் முதலில் தெரிந்தது மஞ்சள் புடவைகளின் வரிசை. தை மாதக் குளிரில் இங்கே வங்காளத்தில் சரஸ்வதி பூஜை. கோவையில் அது நவராத்திரியில் வரும். கணவரின் வங்கி மாற்றலோடு வந்து சில ஆண்டுகள் ஆகியும் என் மனம் நவராத்திரியையே எதிர்பார்க்கிறது.

சிலையின் காலடியில் புத்தகங்களும் பேனாக்களும் குவிந்திருந்தன. ஒன்பதாம் வகுப்பு மௌமிதா அவற்றின்மேல் நிரல் எழுதி இயக்கும் ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டை வைத்தாள்.

அது அவள் அப்பாவின் மணி. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர் அவர். படுக்கையோரப் பொத்தானை அழுத்தினால் சமையலறையில் பஸ்ஸர் ஒலிக்கும். அந்த நிரலை எழுத அவளுக்கு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. எத்தனை முறை அழுத்தினார் என்று எண்ணிச் சேமிக்கவும் ஒரு வரி சேர்த்திருந்தாள்.

"பாபா நேத்து நாப்பது தடவை கூப்பிட்டார், மிஸ். மணியை உடைக்கப் போறேன்னு அம்மா திட்டறாங்க" என்று ஒருமுறை சிரித்தாள்.

"இது வீட்டுல இல்ல இருக்கணும்?" என்று அரைகுறை வங்க மொழியில் கேட்டேன். பூஜைக்கு ஏற்ற பொருள் அல்ல என்று நான் சொல்வதாக நினைத்துவிட்டாள்.

"இதுவும் படிப்புதானே, மிஸ்? ஆஜ் ஓர் சூட்டி." இன்று அதற்கு விடுமுறை. "நாளைக்கு எடுத்துடுவேன். அம்மா வீட்லதான் இருக்காங்க."

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். அடுக்கிய புத்தகத்தை விஜயதசமிவரை நாமும் தொடுவதில்லை.

அன்று மதியம் மௌமிதா வீட்டுச் சந்தில் பூஜைப் பந்தலின் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறையில் கிச்சடி கிளறிக்கொண்டிருந்தார். தட்டோடு அறைக்குள் போனபோது அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். உயிர் இல்லை. இரண்டாவது பக்கவாதம் என்றார் மருத்துவர். உடனே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்து மௌமிதா வகுப்புக்கு வந்தாள். மற்ற பிள்ளைகள் சிவப்பு விளக்குகளைச் சிமிட்ட வைத்துக்கொண்டிருந்தார்கள். போர்டை என் முன் வைத்தாள்.

"அன்னைக்கு பாபா அழுத்தினாரா, மிஸ்? பார்த்துச் சொல்லுங்க."

போர்டு அன்று சிலையின் காலடியில் இருந்தது என்று அவளுக்கும் தெரியும். இருந்தும் கேபிளைச் செருகினேன். திரையில் ஒரே ஒரு எண் வந்தது, அவர் அதுவரை அழுத்தியதன் மொத்தம். அதைத் தொட்டுப் பார்த்தாள். அழத் தொடங்கினாள். "அழாதே கண்ணு" என்று தமிழில் சொன்னேன். புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த எண்ணில் பூஜை நாள் சேரவில்லை.