வானம் சுத்தம் என்று சொன்னவர்

ஃபிளையிங் கிளப்பின் ஆண்டறிக்கையில் அவர் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: ‘பாதுகாப்புப் பொறுப்பாளர். பல் மருத்துவர். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாதவர்.’ படத்தில் கைகட்டி நிற்கிறார். பின்னால் நிற்கும் சின்ன விமானமும் கைகட்டி நிற்பது போலத்தான் இருக்கிறது.

கிளப்பில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நோயாளியின் வாயில் கடுகளவு ஓட்டையைக் கண்டுவிட்டால் அதைப் பற்றியே வெகுநேரம் பேசக்கூடியவர் என்பதால் வந்த பெயர்.

சொந்த ஆசைக்கு விமானம் ஓட்டுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் விமானத் துறையின் இணையதளத்தைத் திறந்து, எங்கிருந்து, எங்கே, எந்த வழியாக என்று கொடுத்து, அன்றைய வான் அறிவிப்புகளை எடுத்துப் படிக்க வேண்டும். பைலட்டுகள் இவற்றை நோட்டாம் என்பார்கள். எந்தப் பகுதி வானம் மூடியிருக்கிறது, எந்த உயரம் வரை என்பதெல்லாம் அதில்தான் வரும். படிப்பது லேசல்ல. கிரேன் உச்சியில் விளக்கு எரியவில்லை, ஓடுபாதை ஓரம் புல் வெட்டுகிறார்கள், பறவைகள் திரிகின்றன என்று பக்கம் பக்கமாகச் சுருக்கெழுத்தில் கொட்டும். ஆளையே காவு வாங்கக்கூடிய வரி, புல்லுக்கும் பறவைக்கும் நடுவில் அவற்றைப் போலவே சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

ஆகவே கிளப்பில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. சனிக்கிழமை காலையில் பூதக்கண்ணாடி அத்தனையையும் படித்துவிட்டு, கிளப்பின் போன் குழுவில் சுருக்கமாகப் பேசி அனுப்புவார். விதிப்படி ஓட்டுகிறவர் தானே படிக்க வேண்டும். ஆனால் டாக்டரே படித்த பிறகு தாங்களும் படிப்பது அவருக்கு மரியாதைக் குறைவு என்று எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் படிக்கவில்லை. காரணம் என்று ஒன்றுமில்லை. அதுதான் பின்னால் அவரை அதிகம் வாட்டியது. ஒரு காய்ச்சலாவது வந்திருக்கலாம். படுக்கையில் புரண்டவர் ஜன்னல் வழியே பார்த்தார். வானம் நீலமாக இருந்தது. நேற்று இல்லாதது இன்று மட்டும் எங்கிருந்து வரப்போகிறது என்று, போர்வைக்குள் இருந்தபடியே, “வானம் சுத்தம். தைரியமா கிளம்புங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். குரலில் தூக்கக் கலக்கம் துளியும் இல்லை. நோயாளிகளிடம் ‘வலிக்காது’ என்று சொல்லிப் பழகிய குரல் அது.

நம்பிக் கிளம்பியவர்களில் அவருடைய கொழுந்தியாளும் ஒருத்தி. மனைவியின் ஒரே தங்கை. அவர் தூண்டித்தான் பறக்கவே கற்றாள். பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கிட்டத்தட்ட கைக்கு வந்திருந்தது. லைசென்ஸில் ஒரு கறை இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அன்று அவள் போகும் வழியில் இருந்த மலைக்காட்டில் தீ. தண்ணீர் கொட்டும் ஹெலிகாப்டர்களுக்காக அந்த வானத்தை முந்தின நாளே மூடி அறிவித்திருந்தார்கள். அவள் நேராக அதற்குள் போனாள். ஒரு ஹெலிகாப்டர் தண்ணீரைக் கொட்டாமலே ஒதுங்கித் திரும்பியது.

விஷயம் காதுக்கு வந்ததும் டாக்டர் முதல் வேலையாகக் குழுவிலிருந்த தன் குரலை அழித்தார். கெட்ட மனிதரல்ல, மனசுக்கு முன்னால் கை போய்விட்டது. ஆனால் போனுக்கு இங்கிதம் கிடையாது. அது இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று ஊருக்கே தெரியப் போட்டுவைத்தது. குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாப்பிடும்போது மனைவி ஆரம்பித்தாள். “தங்கச்சி பேசினா. எல்லாம் தன் தப்புதான்னு ஒரே அழுகை.”

“விதி அப்படித்தானே. ஓட்டறவங்கதான் படிக்கணும்.”

“நான் விதியக் கேக்கல. நீங்க படிச்சீங்களா?”

அவர் தட்டைப் பார்த்தார்.

“நல்லாப் பாருங்க. அதுல எழுதியிருக்கும்.”

சட்டம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது. அவர்மேல் ஒரு தூசுகூடப் படாது. குற்றம் சாட்ட யாராவது இருந்தால் மறுக்கவாவது செய்யலாம். மறுநாள் கிளினிக்கில் ஒரு நோயாளியிடம், “ராத்திரியும் பல் தேய்க்கறீங்களா?” என்று கேட்டார். “தவறாம, டாக்டர்” என்றார் அவர். பல்லைப் பார்த்தாலே பொய் தெரிந்தது. வழக்கமாகப் பிடித்துக்கொள்வார். அன்று, “நல்லது” என்று விட்டுவிட்டார்.

விமானத் துறை விசாரணைக்குக் கொழுந்தியாளோடு போக, கிளப் தன் பாதுகாப்புப் பொறுப்பாளரையே அனுப்பியது. அலுவலகத் தாழ்வாரத்து பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள்.

“உள்ள நீங்க ஒண்ணும் பேசாதீங்க அத்தான். உங்களையும் இழுத்துவிட்டு எனக்கு என்ன கிடைக்கப் போகுது.”

“நான் சொன்னதக் கேட்டுத்தானே போன?”

“அதுக்கென்ன. அத்தனை பக்கங்கள்ல ஒரு வரி உங்க கண்ணுக்குத் தப்பிருச்சு. யாருக்கும் நடக்கறதுதான்.”

அவர் படித்தார் என்றே அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குறிப்புகளை ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்தார்.

உள்ளே அதிகாரி நிமிராமலே கேட்டார். “கிளம்பறதுக்கு முன்னாடி அறிவிப்பு எடுத்துப் பார்த்தீங்களாம்மா?”

“இல்ல சார். என் தப்பு.”

“வேற யாராவது பார்த்துச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல சார்.”

அதிகாரி எழுதத் தொடங்கினார். டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்து கிரீச்சிட்டது.

“நீங்க யாரு?”

பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. “இவளோட அக்கா வீட்டுக்காரர்” என்றார். பிறகு, அன்று காலை அறிவிப்புகளைத் திறக்கவே இல்லை என்பதையும், படுத்தபடியே வானம் சுத்தம் என்று கிளப்புக்குச் சொன்னது தான்தான் என்பதையும், அதை அழித்ததும் தானே என்பதையும், கொழுந்தியாளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.