நான் போட்ட அப்பீல்

ஸ்ரீராம்புரத்தில் துடைப்பம் பிடித்து மாநகராட்சி வேலையைத் தொடங்கியவள் நான். பல வருஷம் பெருக்கிய பிறகு என்னை மேஸ்திரியாக்கி, பிரேசர் டவுனுக்கு மாற்றினார்கள். தெருப் பெருக்கும் பெண்களுக்கு வேலை பிரித்துக்கொடுத்து மேற்பார்வை பார்க்கவேண்டும்.

ஒரு மழைக்காலக் காலையில் அங்கே பெரிய சாக்கடை அடைத்துக்கொண்டு கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது. ஜீப்பில் வந்த எங்கள் அதிகாரி, மூடியைத் திறந்து ஆளை உள்ளே இறக்கச் சொன்னார். என் கீழே வேலை செய்த ஜீவனஹள்ளிப் பெண் மூடியைத் தள்ளிவிட்டுப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருப்பவள். மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. நான் சொன்னேன்.

"வேணாம் சார். மிஷின் வரட்டும். ஆளை இறக்கறது சட்டப்படி தப்பு."

"எனக்கே ரூல்ஸ் சொல்லிக் குடுக்கறியா?" என்று கன்னடத்தில் கத்தினார்.

மிஷின் வருவதற்குள் கடைச் சரக்கெல்லாம் நனைந்துவிட்டது. என்மேல் விசாரணை வைத்தார்கள். உடனே மிஷினைக் கூப்பிடும்படி அவர் உத்தரவிட்டாராம்; நான்தான் அலட்சியமாக இருந்துவிட்டேனாம். ஆளை இறக்கச் சொன்னேன் என்று எந்த அதிகாரி ஒப்புக்கொள்வான்? அன்றைக்கு என் பக்கத்திலேயே நின்றிருந்த இன்னொரு மேஸ்திரியும், "சாஹேப் மிஷினைக் கூப்பிடத்தான் சொன்னாரு" என்று சாட்சி சொன்னார். என்னைப் பதவியிறக்கி மறுபடி பெருக்க அனுப்பினார்கள், அந்த மேஸ்திரிக்குக் கீழேயே. தினமும் காலையில் அவர் முகத்தில் விழித்துத்தான் வேலையைத் தொடங்கினேன்.

சங்கத்து வக்கீலிடம் போனேன். "மேலதிகாரிக்கு அப்பீல் போடலாம்மா. ஆனா கண்ணால பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும்" என்றார். நான் யாரையும் கேட்கவில்லை. விஷயம் தெரிந்து அந்த ஜீவனஹள்ளிப் பெண் தானே வந்தாள்.

"நான் சொல்றேன்க்கா. உள்ள எறங்க இருந்தது நான்தானே?"

"உன் வேலை போயிடும்டி."

"பாத்துக்கலாம் விடு."

அப்பீலை விசாரித்த மேலதிகாரி அவளைப் பார்த்து, "இப்படிப் பேச யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"சொல்லிக் குடுக்க இன்னா சார் இருக்குது? மூடியைத் தொறந்ததே நான்தான்."

பல மாதம் இழுத்தடித்து ஆணை வந்தது. தண்டனை அதிகப்படியானது, எச்சரிக்கை போதும் என்று எழுதியிருந்தார்கள். குற்றச்சாட்டு பொய் என்று எழுதவில்லை. அதிகாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேஸ்திரி வேலை திரும்பக் கிடைத்தது; அந்த அதிகாரியிடமே போய் வணக்கம் சொல்லிச் சேர்ந்தேன்.

அந்த வாரமே, எனக்காகச் சாட்சி சொன்னவளை ஒப்பந்தக்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "ஆள் ஜாஸ்தி, நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொன்னதோடு சரி. வக்கீலிடம் ஓடினேன்.

"உங்களுக்கு ஆர்டர் இருந்துது, அப்பீல் போட்டோம். அந்தம்மாவுக்கு வேலையில இருந்ததுக்கே பேப்பர் இல்லையே. எதை எதிர்த்துப் போடறது?" என்றார்.

ஜீவனஹள்ளிக்குப் போனேன். வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே பேசினாள்.

"உனக்கு வேலை வந்துச்சில்ல? போக்கா. இங்க வந்து நிக்காத."

மறுநாள் அவள் இடத்துக்கு ஒப்பந்தக்காரர் புது ஆளை அனுப்பினார். அவள் பெருக்கிய தெருக்களை அந்தப் புது ஆளுக்கு நான்தான் காட்டிக்கொடுத்தேன்.