கழுவாத மங்கை

சென்னையில் எங்கே நாணயக் கண்காட்சி நடந்தாலும் மங்கைக்கு ஒரு மேசை உண்டு. பக்கத்து மேசை என்னுடையது. நான் பழைய ரூபாய் நோட்டு விற்கிறவன். வியாபாரிகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'கழுவாத மங்கை'. கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும், எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு போயே போச்சு. "கழுவினதா?" என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் "சேச்சே" என்போம். மங்கை சொன்னால் மட்டும்தான் நம்புவார்கள்.

ராயபுரத்தில் பழைய வெள்ளியை உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள் அவள். உருக்கப் போகும் காசுகளைக் கூலிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கி, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். அச்சில் வார்த்தெடுத்த போலிக் காசின் பொடிக் குழிகளும், விளிம்பில் ஓடும் ஒட்டுக் கோடும் அவள் லென்ஸுக்குத் தப்பாது. கணவன் ரகுபதி திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன், காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறான். அவன் சொந்தக்காரர்கள் இவளுடையதைச் செல்லாக்காசு வியாபாரம் என்று கிண்டலடிப்பார்கள். கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அவளிடம் ஒரு காசு சிக்கியது. 1835-ஆம் வருஷத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய், வில்லியம் மன்னர் தலை போட்டது. கைபட்டுத் தேயாத காசு. வெள்ளியின் மேல் காலம் தானாக ஏற்றிய கருநீலம். அந்த நிறத்துக்குத்தான் விலையே. ஃபர்ஹான் என்ற பெரிய சேகரிப்பாளர் போனில் படம் பார்த்துவிட்டு, கண்காட்சியில் நேரில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவரைப் பிடிக்க நாங்கள் எல்லோரும் தலைகீழாக நின்றிருக்கிறோம். அவர் ஒரு மேசையில் வாங்க ஆரம்பித்தால் மற்றவர்களும் அங்கேதான் வருவார்கள்.

நடுவில் வந்தது ஆயுத பூஜை. ரகுபதி படகைக் கழுவினான், எஞ்சினைத் துடைத்தான், ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு வைத்தான். வீட்டுக்கு வந்தால் மங்கை கடைக்குப் போயிருந்தாள். பெண்டாட்டி தொழிலுக்கும் பூஜை போட வேண்டாமா? லென்ஸைத் துடைத்தான், எடைபோடும் மெஷினைத் துடைத்தான். பெட்டியில் கறுத்துப்போய்க் கிடந்த ரூபாயைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்து, சந்தனம் குங்குமம் இட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டான்.

திரும்பி வந்த மங்கை குங்குமத்தைத் துடைத்துக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம்.

"இன்னாயா பண்ணி வச்சிக்கீற?"

"அது உன் தொழிலாச்சே மே. என் எஞ்சினுக்கு மட்டும் பொட்டு வச்சா நல்லாவா கீது?" என்று சிரித்திருக்கிறான். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

என்னிடம் சொல்லி அழுதாள். கூட இருந்த இன்னொரு வியாபாரி, "அவிச்ச முட்டையோட டப்பால போட்டு மூடி வை. கறுத்துடும். எவன் கண்டுபிடிக்கப் போறான்?" என்றான்.

"முட்டைய நீயே துன்னுண்ணா" என்றாள் மங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஃபர்ஹானுக்குப் போன் பண்ணியாவது சொல்லிவிடு என்றேன். "நேர்ல வரேன்னாரு. மூஞ்சப் பாத்தே சொல்றேன்" என்றுவிட்டாள்.

கண்காட்சியன்று ரகுபதி கடலுக்குப் போகவில்லை. அவள் பின்னால் வந்து, தலையைத் தொங்கப்போட்டு நின்றான். ரூபாய்க்கு முன்னால் பெரிய எழுத்தில் ஒரு அட்டை: 'கழுவியது'.

ஃபர்ஹான் வந்தார், அட்டையைப் படித்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். "படத்துல இப்படி இல்லியேக்கா?"

"அப்போ கழுவல சார். இப்போ நல்லா தேச்சாச்சு. உங்களுக்கு இது வாணாம்."

காசைக் கீழே வைத்துவிட்டார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மத்ததை எல்லாம் எடுங்க" என்றார். தட்டு தட்டாகப் பார்த்து, வேண்டியதை ஒதுக்கினார். எழுந்திருக்கும்போது அந்த ரூபாயைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. "எந்த அறிவுகெட்டவன்க்கா இந்த வேலையப் பாத்தது?"

ரகுபதி நகரப் பார்த்தான். மங்கை அவன் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு சார். என் தொழிலுக்குப் பூஜை போட்டாரு."